லூப் என்றால் என்ன? ஒரு தறிச் சத்தத்தை நோம்பி (ஊர்த் திருவிழா) மேடை வரை கொண்டுபோவது எப்படி?

வீட்டில் லேப்டாப்பிலோ போனிலோ மின்னணு இசை செய்து பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் சத்தங்களைத் தேடித்தான் அலைவார்கள். டிரம் பேக், சின்த் பிரீசெட் என்று ஜிபி கணக்கில் இறக்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் பிடிபட வேண்டிய ஒன்று உண்டு: நீளம். லூப் என்பது முடிந்ததும் தலையிலிருந்து மறுபடி ஓடும் ஒலித்துண்டு. அந்தத் துண்டின் நீளம் தாளத்தோடு சரியாகப் பொருந்திவிட்டால் அதன்மேல் எதை வைத்தாலும் உட்காரும். பொருந்தாவிட்டால், எவ்வளவு நல்ல சத்தமாக இருந்தாலும் கேட்பவருக்கு இடறிக்கொண்டே இருக்கும்.

1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் எஞ்சின் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, தட்டின் தடத்தை வட்டமாக மூடி, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் ஒரு சுற்று என்பது முக்கால் விநாடியைவிடக் கொஞ்சம் அதிகம். அவருக்கு லூப்பின் நீளத்தைத் தட்டே முடிவு செய்தது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனாலேயே நீளத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கொங்கு நாட்டில் இதைக் கற்றுக்கொள்ள மிகப் பொருத்தமான ஒலி விசைத்தறிதான். சோமனூர், பல்லடம் பக்கம் எந்தச் சந்தில் நின்றாலும் காதில் விழும். சாதாரண நாடாத் தறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 180 பிக் வரை ஓடும். நாடா என்பது ஊடை நூலைச் சுமந்து தறிக்குள் பக்கத்துக்குப் பக்கம் பாயும் கட்டை, அது ஒருமுறை பாய்ந்தால் ஒரு பிக், ஒரு தட்டு. இசை மென்பொருளில் வேகத்தைக் குறிக்கும் பிபிஎம் என்பதும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற அதே அளவுதான். 150 பிக் ஓடும் தறி 150 பிபிஎம் தாளத்தில் ஓடுகிறது. நாடா இல்லாத ரேப்பியர் தறிகள் இதைவிட வேகமாக ஓடும். அவற்றின் இரண்டு தட்டையோ நான்கு தட்டையோ ஒரு பீட் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு பொருந்தும்.

கணக்கு

60,000ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிவிநாடியில் கிடைக்கும். 150 பிபிஎம் என்றால் 400 மில்லிவிநாடி. நான்கு பீட் கொண்ட ஒரு பார் 1.6 விநாடி, நான்கு பார் 6.4 விநாடி. ஒலிக்கோப்பு விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்து வைத்த நுண்புள்ளி) என்ற அளவில் இருந்தால், 6.4 விநாடி என்பது மிகச் சரியாக 2,82,240 சாம்பிள். பழகுவதற்கு 150ஐயும் 120ஐயும் நாங்கள் பரிந்துரைப்பது இதனால்தான். ஒரு பீட் முழு எண்ணாக வந்துவிடும், பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சின்னப் பிசகு என்ன செய்யும் என்று பாருங்கள். 6.4 விநாடி இருக்க வேண்டிய துண்டை 6.45 விநாடியாக வெட்டிவிட்டீர்கள். முதல் சுற்றில் 50 மில்லிவிநாடிதான் தாமதம், அதிகம் உறுத்தாது. எட்டாவது சுற்று முடியும்போது அது 400 மில்லிவிநாடி ஆகிவிடும். அதாவது ஒரு பீட் முழுசாகப் பின்தங்கிவிட்டது. வீட்டில் இரண்டு சுற்று கேட்டுவிட்டு “சரியாத்தான் இருக்கு” என்று வைக்கும் லூப், மேடையில் ஒரு நிமிடத்துக்குள் டிரம்மோடு சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான். எந்த லூப்பையும் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு சேர்த்து மூன்று நிமிடமாவது ஓடவிட்டுக் கேளுங்கள்.

பதிவு

தறிக்குடோனுக்குள் போவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள். “அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் இந்தத் தறிச் சத்தத்த ரெக்கார்டு பண்ணிக்கட்டுங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்தத் தறி ஒரே சீராக ஓடுகிறது என்பதையும் அவர்களே காட்டுவார்கள். காதுக்குப் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். நாடா பாயும் கோட்டுக்கு நேராக, தறியின் இரு ஓரங்களில் நிற்கவே கூடாது. நாடா தெறித்தால் அந்தப் பக்கம்தான் வரும். தறிக்காரர் நிற்கும் முன்பக்கத்தில், அவருக்கு இடைஞ்சல் இல்லாமல், கையெட்டும் தூரத்தில் போனைப் பிடித்தால் போதும்.

போனில் கூடவே வரும் வாய்ஸ் ரெக்கார்டர் பெரும்பாலும் இதற்கு ஆகாது. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. விடாமல் கேட்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடக்கூடும். ஒலியளவையும் தானாகவே ஏற்றி இறக்கக்கூடும். வேவ் கோப்பாகப் பதிவு செய்யக்கூடிய, தானியங்கி ஒலியளவை நிறுத்தி வைக்கக்கூடிய ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். அளவைக் குறைத்த பிறகும் தட்டு கரகரத்தால் மைக்கே தாங்கவில்லை என்று பொருள். அப்போது பின்னால் நகர்வதைத் தவிர வழியில்லை. பின்னால் நகர்ந்தால் பக்கத்துத் தறிகள் உள்ளே வந்துவிடும். ஒரே குடோனில் இருந்தாலும் இரண்டு தறிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு தறி மட்டும் ஓட ஐந்து நிமிடம் கிடைத்தால் அதைவிட நல்ல பதிவு கிடைக்காது.

தேவைப்படுவது ஏழு விநாடிதான் என்றாலும் மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். பெல்ட் வழுக்கினாலும் கரண்ட் இறங்கினாலும் வேகம் ஓரிரு பிக் மாறும். மூன்று நிமிடத்தில் எங்காவது ஓரிடத்தில் சீரான பகுதி சிக்கிவிடும்.

வெட்டு

இதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருள் போதும், இலவசம். எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளைப் பலர் போட்டு வைத்திருப்பீர்கள். லூப்களை அடுக்க அது நல்லது, பதிவு செய்து வெட்டும் வேலையை ஆடாசிட்டியில் முடித்துக்கொண்டு அங்கே போங்கள்.

முதலில் கீழ் அலைவரிசைகளைக் குறைக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை 110 ஹெர்ட்ஸில் வைத்து, சரிவை 24 டெசிபெல் ஆக்கி, மோட்டார் முனகலைக் குறைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டார் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் முனகும். 5 கட்டை சுருதியின் ஷட்ஜம் கீழ் ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். முனகல் அதற்கு மிக அருகில், ஆனால் ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு பேஸ் வரியைப் போட்டால் எங்கோ அபசுரம் கேட்கும், எது என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

அடுத்து வேகத்தை அளக்க வேண்டும். ஒரு தட்டின் தொடக்கத்தில் குறி வையுங்கள். அந்தத் தட்டை பூஜ்யம் என்று எண்ணி, 32 வரை எண்ணி, அங்கே இன்னொரு குறி. முதல் தட்டை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் 32ஆம் தட்டுக்குள் 31 இடைவெளிதான் இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. இரண்டு குறிக்கும் நடுவில் 13.06 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை 32ஆல் வகுத்தால் 0.408 விநாடி, அதாவது 147 பிபிஎம்.

இனி 16 தட்டுகள் கொண்ட துண்டு வேண்டும். நாடா வலமாகப் போகும்போது விழும் தட்டும் இடமாக வரும்போது விழும் தட்டும் ஒரே மாதிரி கேட்காது. அதனால் லூப்பில் தட்டுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையில் வெட்டினால் இணைப்பில் ஒரே பக்கத்துத் தட்டு இரண்டு முறை அடுத்தடுத்து விழும். வெட்டும் இடம், தட்டு வெடிப்பதற்கு இரண்டு மூன்று மில்லிவிநாடி முன்னால். தட்டின் நடுவில் வெட்டினால் அதன் கூர்மை போய்விடும். முடிவையும் 17ஆம் தட்டுக்கு அதே அளவு முன்னால் வெட்டுங்கள்.

இணைப்பில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால், அலை பூஜ்யக் கோட்டில் இல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஆடாசிட்டியில் துண்டைத் தேர்ந்தெடுத்து இசட் விசையைத் தட்டினால் இரு முனைகளும் பக்கத்திலுள்ள பூஜ்யக் கடப்புக்கு நகரும். அப்படியும் போகாவிட்டால் இரு முனையிலும் 5 மில்லிவிநாடி, அதாவது 220 சாம்பிள் அளவுக்கு ஒலி மெல்ல ஏறி இறங்கும் ஃபேட் கொடுங்கள்.

இப்போது கையில் இருப்பது 6.53 விநாடித் துண்டு. 6.4 ஆக்குவதற்கு இரண்டு வழி உண்டு. சேஞ்ச் ஸ்பீட் என்பது டேப்பை வேகமாக ஓட்டுவதற்குச் சமம், சுருதியும் கூடவே ஏறும். 147இலிருந்து 150க்குப் போனால் ஏற்றம் 35 சென்ட், அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. தறிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஒலியும் சுத்தமாக இருக்கும். சேஞ்ச் டெம்போ சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும். நாதசுரம், குரல் போன்றவற்றுக்கு அதுதான் தேவை. ஆனால் 10 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் ஒவ்வொரு தட்டும் இரட்டைத் தட்டாகக் கேட்கத் தொடங்கும். தட்டு ஒலிகளுக்கு முதல் வழியே மேல் என்பது எங்கள் கருத்து. முடிந்ததும் தேர்வுப் பட்டையை சாம்பிள் அளவுக்கு மாற்றி 2,82,240 வருகிறதா என்று பார்த்து, கூடவோ குறையவோ இருந்தால் கடைசியில் சரிசெய்யுங்கள்.

சேமிப்பது வேவ் கோப்பாக மட்டுமே. எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையில் ஆயிரம் சாம்பிளுக்கு மேல் வெற்றிடம் சேர்வது வழக்கம். ஏறத்தாழ 25 மில்லிவிநாடி. இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த நீளம் அந்த ஒரே சேமிப்பில் கெட்டுவிடும்.

சலங்கை, சேகண்டி மாதிரி நீண்டு ஒலிக்கும் சத்தங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. லூப் முடியும் இடத்தில் ரீங்காரம் பாதியில் அறுந்துவிடும். முடிவுக்கு அப்பால் உள்ள அந்த வால் பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து, லூப்பின் தொடக்கத்தில் கலந்துவிடுங்கள். இரண்டாவது சுற்றிலிருந்து ரீங்காரம் இயல்பாகத் தொடர்வதாகவே காதுக்குப் படும்.

மனிதர் வாசிக்கும் லூப்

ஜமாப், பறை, பம்பை, உருமி ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது மேலே சொன்ன கணக்கு அப்படியே ஒட்டாது. ஜமாப் அடிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும், அதுதான் அதன் உயிர். முழு வாசிப்பையும் ஒரே பிபிஎம்முக்குள் இழுத்து உட்காரவைத்தால் அந்த உயிர் போய்விடும். வேகம் நிலையாக இருக்கும் நான்கு பாரை மட்டும் தேர்ந்தெடுத்து, மொத்த நீளத்தைச் சரிசெய்துவிட்டு, உள்ளே இருக்கும் அடிகள் கொஞ்சம் முன்பின் விழுந்தால் விட்டுவிடுங்கள். கிரிட்டில் ஒவ்வொரு அடியையும் நேராக்கும் குவான்டைஸ் பொத்தானை இந்தப் பதிவுகளில் தொடாதீர்கள். இன்னொன்று: தறிச் சத்தம் யாருடைய வித்தையும் இல்லை, ஜமாப் அப்படியல்ல. குழுவிடம் எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்று சொல்லி, அவர்கள் கேட்பதைக் கொடுத்து, வெளியிடும்போது குழுவின் பெயரையும் போடுங்கள்.

அடுக்குவது

ஒரு லூப்பின் மேல் இன்னொன்று ஏறும்போது ஒலியளவும் கூடும். நான்கு அடுக்கு வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றின் உச்சமும் மைனஸ் 12 டெசிபெலில் இருக்கட்டும். மைனஸ் 12 என்பது முழு அளவில் கால் பங்கு. நான்கின் உச்சமும் ஒரே கணத்தில் மோதினாலும் முழு அளவைத் தாண்டாது.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனி அலைவரிசை இடம் கொடுப்பது அதைவிட முக்கியம். பேஸ் 50 முதல் 120 ஹெர்ட்ஸ், தறியின் கனத்த அடி அதற்கு மேல் 300 வரை, மரத் தட்டின் கூர்மை 1,000 முதல் 4,000, சலங்கை அதற்கும் மேலே. பேஸ் வரிக்குச் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்று இலவசச் சின்த்கள் உண்டு. 1 கட்டை சுருதியில் ஷட்ஜம் 65.4 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். மோகனம் வேண்டுமென்றால் பியானோ ரோலில் ஷட்ஜத்திலிருந்து 2, 4, 7, 9 என்று அரைச்சுரம் எண்ணி வையுங்கள். ஹெட்போனில் கேட்டுச் செய்யுங்கள், போன் ஸ்பீக்கரில் இந்தப் பேஸ் சுத்தமாகக் கேட்காது.

எல்லா லூப்பும் 16 பீட்டாகவே இருந்தால் காது சீக்கிரம் சலித்துவிடும். ‘தகிட தகதிமி’ என்று ஏழு எண்ணிக்கையில் ஒரு சலங்கை லூப்பை வெட்டி, நான்கு பீட் தறி லூப்போடு ஓடவிடுங்கள். இரண்டும் 28 பீட்டுக்கு ஒருமுறைதான் தலையில் சந்திக்கும். 150 பிபிஎம்மில் அது 11.2 விநாடி. ஐந்தையும் ஏழையும் சேர்த்தால் 35 பீட், 14 விநாடி. கோர்வை பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, பொத்தானை அழுத்துவது மட்டுமே புதிது. ஆனால் ஒரே நேரத்தில் இப்படி இரண்டு நீளங்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தால் கேட்பவர் தலையைத் தொலைத்துவிடுவார்.

மேடை

மேடையில் லூப்களை வாசிப்பதென்றால், கட்டம் கட்டமாக வைத்து ஒவ்வொன்றாகக் கிளப்புவதும் நிறுத்துவதும்தான். ஐபோனிலும் ஐபேடிலும் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டில் லைவ் லூப்ஸ் என்ற கட்டம் இருக்கிறது. விரலால் தட்டி வாசிக்கும் பேட் கண்ட்ரோலர் வாங்கினால் பலவற்றோடு ஏபிள்டன் லைவ் லைட் என்ற மென்பொருள் சேர்ந்தே வரும், எட்டு டிராக் தருகிறது, தொடங்குபவருக்குத் தாராளம். இரண்டிலும் கிளப்பும் குவான்டைஸை ஒரு பார் என்று வையுங்கள். நீங்கள் அரை பீட் முன்னால் அழுத்தினாலும் லூப் அடுத்த பாரின் தலையில்தான் கிளம்பும். கொஞ்சம் பிந்தி அழுத்தினால் ஒரு பார் முழுக்கக் காத்திருக்கும். அதனால் எப்போதும் முந்தியே அழுத்திப் பழகுங்கள்.

பேடில் நேரடியாகத் தட்டி வாசிப்பவர்களுக்குத் தாமதம் பெரிய எதிரி. பஃபர் (கணினி ஒருமுறைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) 256 சாம்பிள் என்றால் 44,100இல் ஏறத்தாழ 6 மில்லிவிநாடி, 1,024 என்றால் 23. அதற்குமேல் கருவியின் தாமதமும் சேரும். 256இல் வைத்துப் பாருங்கள், படபடவென்று வெடித்தால் 512க்கு ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் கட்டாயம். புளூடூத் ஸ்பீக்கரில் நூறு மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் வருவது சாதாரணம், வாசிப்பதற்கு அது பயன்படவே படாது.

நோம்பிக்கு மைக் செட் கட்டுபவரிடம் லேப்டாப்பை இணைக்கும் இடத்தில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளை ஸ்டீரியோ. அதிலிருந்து ஒரே எக்ஸ்எல்ஆர் முனைக்கு (மைக் கேபிளின் மூன்று முள் முனை) போகும் கேபிளைச் செருகினால், மிக்ஸர் இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக உள்ள பேஸும் டிரம்மும் காணாமல் போய், மீதி மட்டும் மெலிசாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் குடைவார்கள். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோவிலிருந்து இரண்டு 6.35 மில்லிமீட்டர் மோனோ முனைகளாகப் பிரியும் கேபிளை நீங்களே கொண்டுபோங்கள். இரண்டு சேனலில் செருகச் சொல்லுங்கள்.

ஒலி வந்ததும் உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு எர்த் இணைப்புகள் வழியே கேபிளில் புகும் மின் இரைச்சல். பேட்டரியிலேயே வாசித்து முடிக்கலாம், அல்லது ஒலிக்கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸை (லேப்டாப்பை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) நடுவில் போடலாம். சார்ஜரின் எர்த் பின்னை உடைப்பது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் மின்சாரம் ஏறி இறங்கும். லேப்டாப் பேட்டரி முழுதாக இருக்கட்டும்.

கட்டியிருப்பது குழாய் ஸ்பீக்கரா, பெட்டி ஸ்பீக்கரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குழாயில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. அடிப்பேஸை அனுப்பினால் சத்தம் கிடைக்காமல் டிரைவர்தான் சூடாகும். அங்கே மொத்த ஒலிக்கும் 300 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் போட்டுவிட்டு, பேஸ் வரியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். அப்போதும் ஓரளவுதான் கேட்கும். மரத் தட்டின் கூர்மை குழாயில் அழகாக விழும், ஊர் எல்லை வரை போகும். வாசிப்பை அதைச் சுற்றியே கட்டுங்கள். ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி இரவு 10 மணிதான் எல்லை, கடைசிப் பகுதியை அதற்கு முன்பே முடிக்கும்படி நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் உறைந்து நின்றுவிடுவதும் உண்டு. தறி லூப்பும் பேஸும் சேர்ந்த பத்து நிமிடக் கோப்பு ஒன்றை அதே வேகத்தில் போனில் வைத்து, போனை மிக்ஸரின் மூன்றாவது சேனலில் முன்பே செருகி, ஒலியை மூடி வையுங்கள். லேப்டாப் மறுபடி கிளம்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை போன் தாளத்தைத் தாங்கும். லேப்டாப் வந்ததும் இரண்டையும் ஒட்டவைக்க முயலாதீர்கள். போன் ஒலியை மெல்ல இறக்கி, தறி லூப்பை மட்டும் புதிதாகக் கிளப்பி, பிறகு ஒவ்வோர் அடுக்காக ஏற்றுங்கள்.